உயிரணுவுக்குள் ஒரு கடைப்போலி



பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த நாள்களில் போலி என்று ஒரு பகுதி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அறம் என்பதை அறன் என்றும் எழுதலாம். நலம் என்பதை நலன் என்றும், பந்தல் என்பதைப் பந்தர் என்றும், சாம்பல் என்பதைச் சாம்பர் என்றும் எழுதலாம். கடைசி எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. இதற்குக் கடைப்போலி என்று பெயர்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரே கதையின் இரண்டு ஏட்டுப் படிகள் நம் கையில் கிடைக்கின்றன. ஒன்றில் எங்கு பார்த்தாலும் நலம், அறம் என்றே இருக்கிறது. மற்றதில் நலன், அறன் என்றே இருக்கிறது. கதை ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? எழுதியவர் விரும்பித் தேர்ந்தெடுத்தாரா? அல்லது படியெடுத்தவரின் கை அந்தப் பக்கமே சாய்ந்ததா? ஏட்டை ஆராய்வோர் கேட்கும் இதே கேள்வியை உயிரியல் அறிஞர்கள் பல ஆண்டுகளாக நம் உடம்பைப் பார்த்துக் கேட்டு வருகிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் உயிரணு எழுதும் முறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகள் உள்ளன: ஏ, ஜி, சி, டி. மூன்று மூன்று எழுத்துகளாகச் சேர்ந்து ஒரு சொல் ஆகின்றது. கோடான் என்று அறிவியலார் அழைப்பதை நாம் இந்த உரையில் குறிச்சொல் என்போம். நான்கு எழுத்துகளை மூன்று இடங்களில் வைத்தால் 64 குறிச்சொற்கள் கிடைக்கும். பெரும்பாலான குறிச்சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அமினோ அமிலத்தைச் சுட்டும்; அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். ஆனால் அமினோ அமிலங்கள் 20 தாம். சொற்கள் 64, பொருள்கள் 20. ஆகவே ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருந்தே தீரும். இந்தச் சொற்கள் பெரும்பாலும் எதில் வேறுபடுகின்றன தெரியுமா? மூன்றாம் எழுத்தில், அதாவது கடைசி எழுத்தில். நம் கடைப்போலியேதான்.

இந்த அகராதியின் முதற்சொல்லை 1961இல் அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் படித்தார்கள். 1966க்குள் அகராதி முழுவதும் தெளிவாயிற்று. 1968ஆம் ஆண்டு நோபெல் பரிசு இதற்காக நிரன்பர்க், ஹர் கோவிந்த் குரானா, ஹாலி ஆகிய மூவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. குரானா அன்றைய பஞ்சாபில், இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். சுமார் நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் ஏறக்குறைய அவருடையது ஒன்றுதான் என்று அவரே குறித்திருக்கிறார். அங்கிருந்து வந்தவர் உயிரின் எழுத்தைப் படித்தார் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி.

இனி இழைமணிக்கு வருவோம். நம் உயிரணுக்களில் பெரும்பாலானவற்றில் உட்கரு இருக்கிறது. மரபுச் செய்தியில் பெரும்பகுதி அதில்தான். ஆனால் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியா எனப்படும் சிறு உறுப்புகள் உண்டு. தமிழில் இழைமணி என்பர். உண்ட உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தரும் அடுப்பு அதுதான். பழங்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா ஒன்று வேறோர் உயிரணுவுக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்டதால் வந்தது இது. குடிவந்தவர் தம் வீட்டுப் பத்திரத்தையும் கொண்டுவந்துவிட்டார்! அதாவது இழைமணிக்குச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது வட்டமானது, தாய் வழியாகவே பிள்ளைகளுக்கு வருகிறது.

மனித இழைமணியின் டி.என்.ஏ. முழுவதையும் 1981இல் கேம்பிரிட்ஜில் சேங்கரின் குழுவினர் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டார்கள். மொத்தம் 16,569 எழுத்துகள். மரபணுக்கள் 37. அவற்றுள் 13 புரதங்களுக்கு உரியவை. எஞ்சிய 24இல் இரண்டு ரைபோசோம் என்னும் நெசவுப் பட்டறையின் பாகங்களுக்கும், 22 கடத்தி ஆர்.என்.ஏ.க்களுக்கும் உரியவை. கடத்தி என்பது குறிச்சொல்லைப் படித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைத் தூக்கி வந்து கொடுக்கும் ஆள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1979இல், கேம்பிரிட்ஜில் இருந்தவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. உலகத்து உயிர்களுக்கெல்லாம் ஒரே அகராதி என்றுதான் அதுவரை எல்லாரும் எண்ணியிருந்தார்கள். இழைமணி அதை மீறியிருந்தது. டி-ஜி-ஏ என்ற சொல் உட்கருவின் அகராதியில் முற்றுப்புள்ளி. இழைமணியில் அது டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம். ஏ-டி-ஏ உட்கருவில் ஐசோலூசின்; முதுகெலும்பிகளின் இழைமணியில் அது மெத்தியோனின். ஏ-ஜி-ஏ, ஏ-ஜி-ஜி இரண்டும் எந்த அமினோ அமிலத்துக்கும் உரியவை ஆகாமல் போயின. ஒரு வீட்டில் இரண்டு பேச்சு வழக்குகள் என்று சொல்லலாம்.

தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதுகெலும்பிகளின் இழைமணியில் பொருளுடைய குறிச்சொற்கள் 60. அவற்றில் நான்கு நான்காகச் சேர்ந்த குடும்பங்கள் எட்டு. அங்கே கடைசி எழுத்து நான்கில் எதுவானாலும் பொருள் ஒன்றே. இரண்டு இரண்டாகச் சேர்ந்த குடும்பங்கள் பதினான்கு. எட்டை நான்கால் பெருக்கினால் 32. பதினான்கை இரண்டால் பெருக்கினால் 28. கூட்டினால் 60. எட்டும் பதினான்கும் சேர்ந்தால்? 22! கடத்திகளின் எண்ணிக்கையும் அதுவே. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஓர் ஆள். உட்கருவின் சொற்களைப் படிக்க இதைவிடப் பன்மடங்கு ஆள்கள் உண்டு. இழைமணியோ கடைசிக் காசுவரை சிக்கனம் பார்க்கும் குடும்பம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது லூசின் என்னும் அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆறு சொற்கள்: சி-டி என்று தொடங்குபவை நான்கு, டி-டி-ஏ, டி-டி-ஜி என்பவை இரண்டு. (இங்கே முதல் எழுத்தும் மாறுகிறதே என்கிறீர்களா? ஆம், இதை முதற்போலி என்று வைத்துக்கொள்ளலாம்.) மனிதனின் உட்கரு மரபணுக்களில் மிகுதியாக வரும் லூசின் சொல் சி-டி-ஜி. ஆறில் அது ஒன்றே பத்துக்கு நான்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சி-டி-ஏ மிகமிக அரிது. அதே மனிதனின், அதே உயிரணுவின் இழைமணியைத் திறந்து பாருங்கள். சி-டி என்று தொடங்கும் சொற்களில் ஏறத்தாழப் பாதி சி-டி-ஏ! சி-டி-ஜி பத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு கூரையின் கீழ் ஒருவர் நலம் என்கிறார், மற்றவர் நலன் என்கிறார்.

லூசினில் மட்டுமன்று. இழைமணிப் புரதங்களின் குறிச்சொற்கள் பெரும்பாலும் ஏ-யிலும் சி-யிலும் முடிகின்றன. ஜி-யில் முடிபவை தேடினால்தான் கிடைக்கும். மனித இழைமணியின் வாசகத்தை மொத்தமாக எண்ணினால் ஏ 31 விழுக்காடு, சி 31 விழுக்காடு, டி 25 விழுக்காடு. ஜி மட்டும் 13 விழுக்காடு.

மற்ற முதுகெலும்பிகளிலும் இப்படித்தானா? பொதுப்போக்கு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தனிச் சாயல் உண்டு. சுண்டெலியின் இழைமணியும் 1981இலேயே படிக்கப்பட்டது. அதில் ஏ, டி இரண்டும் சேர்ந்து 63 விழுக்காடு, மனிதனில் 56தான். ஆகவே எலி ஏ-யில் முடிக்க இன்னும் கூடுதலாக விரும்புகிறது. கோழியின் இழைமணியை 1990இல் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் வெளியிட்டார்கள்; 16,775 எழுத்துகள். கோழியில், பொதுவாகப் பறவைகளில், சி-யின் கை ஓங்கி நிற்கிறது. கோழியின் வாசகத்தில் சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க நகத்தவளையில் டி-யில் முடியும் சொற்கள் கோழியில் உள்ளதைவிட அதிகம். மீன்களுக்குள்ளேயே பலவகை, பொதுவாகப் பார்த்தால் பல மீன்களில் ஜி-யின் வறுமை நம்மிடம் உள்ள அளவுக்குக் கடுமையாக இல்லை. எல்லாவற்றிலும் புரதம் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கிறது. எழுதும் வழக்கம்தான் வேறு.

இதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்லலாம். முதற்காரணம் தேர்வு. 1981 வாக்கில் ஜப்பானிய அறிஞர் இக்கெமுரா ஒன்றைக் கண்டு சொன்னார். குடலில் வாழும் இ.கோலி என்னும் பாக்டீரியா, தன்னிடம் எந்தக் கடத்தி மிகுதியோ அது படிக்கும் சொல்லையே விரும்பி எழுதுகிறது. மிகுதியாகத் தயாராக வேண்டிய புரதங்களில் இவ்விருப்பம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆள் இருக்கும் கவுண்டரில் வரிசை பிடித்தால் வேலை விரைவில் முடியும் அல்லவா, அதைப் போல. இழைமணியிலும் இதுதான் காரணம் என்று சொல்ல இடம் இருக்கிறது. அங்குள்ள 22 ஆள்களில் பெரும்பாலோர், குறிச்சொல்லின் கடைசி எழுத்தைத் தொடும் இடத்தில் யூ என்ற எழுத்தை வைத்திருக்கிறார்கள். ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதில் வருவது யூ. யூ-வின் இயல்பான இணை ஏ. மற்றவர்கள் ஒருவர் நீங்கலாக ஜி-யை வைத்திருக்கிறார்கள். ஜி-யின் இயல்பான இணை சி. ஆகவே ஏ-யிலும் சி-யிலும் முடியும் சொற்களே ஆளுக்கு ஏற்றவை. கணக்குப் பொருந்திவிட்டது என்று இங்கேயே எழுந்துவிடலாம்.

ஆனால் இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது. அது தேய்மானம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

டி.என்.ஏ. இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு. ஒரு புரியில் ஏ இருந்தால் எதிர்ப்புரியில் டி. ஒன்றில் ஜி இருந்தால் மற்றதில் சி. இழைமணியில் ஒரு புரியில் ஜி மிகுதி. அதனால் அது எடை கூடியது. அதைக் கனப்புரி என்றும் மற்றதை இலேசுப்புரி என்றும் வைத்துக்கொள்வோம். பதின்மூன்று புரத மரபணுக்களில் பன்னிரண்டின் வாசகம் இலேசுப்புரியின் வாசகமே. ஒரே ஒரு மரபணு, என்.டி.6 என்பது, எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் வாசகம் கனப்புரியில் இருக்கிறது.

இந்த வட்டத்தைப் படியெடுப்பது எப்படி என்பதை ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிளேட்டனும் அவர் குழுவினரும் 1970களிலிருந்து ஆராய்ந்து சொன்னார்கள். கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஓர் இடம் உண்டு. அங்கிருந்து, இலேசுப்புரியை அச்சாகக் கொண்டு, புதிய கனப்புரி வளரத் தொடங்குகிறது. அது வளர வளர, பழைய கனப்புரி தன் துணையை இழந்து ஒற்றையாக ஒதுக்கப்படுகிறது. வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய பிறகே அதற்குப் புதுத்துணை கட்டும் வேலை ஆரம்பமாகும். அதுவரை அது திறந்து கிடக்கிறது. முற்றிலும் வெறுமையாக இருக்கிறதா, ஆர்.என்.ஏ. போர்வை ஒன்று இருக்கிறதா என்று அறிஞர்களிடையே விவாதம் உண்டு. இரு புரிகளும் ஒரே நேரத்தில் படியெடுக்கப்படுகின்றன என்போரும் இருக்கிறார்கள்.

கடைத்தெருவில் அஞ்சடிக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறியிருக்கும். அதிலும் சிவப்புச் சாயம் முதலில் போகும், கறுப்பு நிற்கும். தேய்மானத்துக்கு ஒரு திசை உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஒற்றையாகக் கிடக்கும் புரியிலும் அப்படியே. சி என்னும் எழுத்து தன் அமினோ பகுதியை இழந்து யூ ஆகிவிடும். அடுத்துப் படியெடுக்கும்போது அதை டி என்றே எடுத்துக்கொண்டு எதிரே ஏ வைக்கப்படும். ஏ என்னும் எழுத்தும் அதே பகுதியை இழந்தால் ஜி போல நடிக்கும். எதிரே சி வந்து உட்காரும். ஆக, கனப்புரி வெளிற வெளிற, எதிரே இலேசுப்புரியில் ஜி இருந்த இடமெல்லாம் ஏ ஆகிறது. டி இருந்த இடமெல்லாம் சி ஆகிறது. சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் புரதமே மாறிக் கெட்டுப்போகும். அந்த உயிர் நிலைக்காது. கடைசி எழுத்தில் நேர்ந்தாலோ யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே கடைசி எழுத்தில்தான் வெளிறல் சேர்ந்துகொண்டே போகிறது. முடிவில் பெரும்பாலான சொற்கள் ஏ-யிலும் சி-யிலும் முடிகின்றன.

பாருங்கள், இரண்டு காரணங்களும் ஒரே விடையைத் தருகின்றன! ஆளுக்குப் பொருத்தம் என்றாலும் ஏ, சி. தேய்மானம் என்றாலும் ஏ, சி. எது உண்மை என்று எப்படித் தீர்ப்பது?

இங்கேதான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும் என்.டி.6 சாட்சி சொல்ல வருகிறது. கடத்தி ஆள்கள் அதற்கும் இந்த 22 பேரே. பொருத்தம்தான் காரணம் என்றால் அதிலும் ஏ-யும் சி-யும் மிக வேண்டும். தேய்மானம்தான் காரணம் என்றால் அதன் வாசகம் வெளிறும் புரியிலேயே இருப்பதால் டி-யும் ஜி-யும் மிக வேண்டும். பார்த்தால் டி-யும் ஜி-யும்தான் மிகுந்திருக்கின்றன. மற்றப் பன்னிரண்டிலும் அரிதாக வரும் டி-டி-ஜி என்ற லூசின் சொல் என்.டி.6இல் தாராளமாக வருகிறது. மனிதனில் மட்டுமன்று, மீன் முதல் பறவை வரை பொதுவாக இதே நிலைதான்.

இரண்டாவது சாட்சி நேரம். வட்டத்தின் எல்லா இடமும் ஒரே அளவு நேரம் திறந்து கிடப்பதில்லை. சி.ஓ.1 என்ற மரபணுவுக்கு விரைவில் துணை கிடைத்துவிடுகிறது. சைட்டோகுரோம் பி நெடுநேரம் காத்திருக்கிறது. 1998இல் இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் பாலூட்டிகளில் இதைக் கணக்கிட்டு, காத்திருக்கும் நேரம் கூடக் கூட எழுத்தின் சாய்வும் கூடுவதைக் காட்டினார்கள். 2003இல் முதுகெலும்பிகள் பலவற்றை வைத்துச் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் நுணுக்கமானது. டி என்பது சி ஆகும் மாற்றம் நேரத்தோடு சீராக ஏறுகிறது. ஜி என்பது ஏ ஆகும் மாற்றமோ விரைந்து ஏறி, பிறகு அதே அளவில் நின்றுவிடுகிறது. ஜி எல்லா மரபணுக்களிலும் அரிதாகவும், சி-யின் அளவு மட்டும் மரபணுவுக்கு மரபணு வேறாகவும் இருப்பது இதனால் விளங்குகிறது.

மூன்றாவது சாட்சியை நாம் மிகவும் விரும்புகிறோம். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 2,500 முதுகெலும்பிகளின் இழைமணி வாசகங்களை ஒப்பிட்டார்கள். அவற்றுள் மூன்றே மூன்று மீன்களில் எழுத்தின் சாய்வு தலைகீழாக இருந்தது. ஏன் என்று பார்த்தபோது, அந்த மூன்றிலும் கட்டுப்பாட்டுப் பகுதியே தலைகீழாகத் திரும்பியிருந்தது! படியெடுப்பு தொடங்கும் திசை மாறிவிட்டது. வெளிறும் புரியும் மாறிவிட்டது. எழுதும் வழக்கமும் மாறிவிட்டது. இயற்கையே சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. பாம்புகளில் இன்னொரு விந்தை. மலைப்பாம்பு, விரியன் போன்ற பெரும்பாலான பாம்புகளுக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டு உண்டு. எதிலிருந்து படியெடுப்பு தொடங்குகிறது என்று அறிய, கடைசி எழுத்துகளின் சாய்வையே தடயமாக வைத்து ஆராய்ந்தவர்கள், இரண்டுமே பயன்படுகின்றன போலும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு சிறு சான்றும் உண்டு. முன்னே, ஓர் ஆள் நீங்கலாக என்று சொன்னோம். அவர் மெத்தியோனினைத் தூக்கும் கடத்தி. அவர் கையில் இருக்கும் எழுத்து சி. அதற்கு ஏற்ற சொல் ஏ-டி-ஜி. ஆனால் மனித இழைமணி அவரைப் பொருட்படுத்தாமல் ஏ-டி-ஏ என்றே ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக எழுதுகிறது. அந்தக் கடத்திதான் தன் எழுத்தைச் சற்று மாற்றி அணிந்து ஒத்துப்போகிறது. எனவே தேய்மானமே முதற்காரணம், பொருத்தம் அதற்குத் துணை என்பதே நம் கருத்து. பொருத்தத்தை அடியோடு தள்ளிவிட நாம் துணியவில்லை; இரண்டும் ஒரே திசையில் இழுக்கும் இடத்தில் யார் எவ்வளவு இழுத்தார் என்று அளப்பது எளிதன்று.

சரி, கடைசி எழுத்து ஏ ஆனால் என்ன, ஜி ஆனால் என்ன, பொருள்தான் மாறவில்லையே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று சிலர் நினைக்கலாம். இரண்டு இடங்களைக் காட்டுகிறோம்.

ஒன்று, உயிர்களின் குலமுறை. இரண்டு விலங்குகளின் வாசகம் எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு நெருங்கிய உறவு என்பது பொதுவிதி. ஆனால் உறவே இல்லாத இரண்டு விலங்குகளில் தேய்மானம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அவற்றின் எழுத்துகளும் ஒத்துப்போகும். ஒரே ஊர் வெயிலில் வெளிறிய இரண்டு கடைப் பலகைகளைப் பார்த்து இரண்டு முதலாளிகளும் அண்ணன் தம்பி என்று சொல்லலாமா? ஐரோப்பிய முள்ளெலியின் இழைமணியில் ஏ-யும் டி-யும் வழக்கத்துக்கு மீறி மிகுந்திருப்பதால் அது குலமரத்தில் உரிய இடத்தில் நில்லாமல் அடிமரத்துக்கு ஓடிவிட்டது. கினிப்பன்றி கொறிக்கும் விலங்கே அன்று என்று 1996இல் இழைமணியை ஆதாரமாகக் கொண்டு ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்தது. பின்னர் விலங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டி, எழுத்து மாற்றத்தின் ஏற்றத்தாழ்வையும் கணக்கில் சேர்த்தபோது கினிப்பன்றி எலி அணில்களோடு திரும்ப வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் ஆய்வாளர்கள் மூன்றாம் எழுத்தை விட்டுவிட்டோ, ஏ, ஜி இரண்டையும் ஒன்றாகவும் சி, டி இரண்டையும் ஒன்றாகவும் எண்ணியோ மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள்.

மற்றோர் இடம் மருத்துவமனை. மெலாஸ் என்ற நோய் ஒன்று உண்டு. 1984இல் அதற்குப் பெயரிட்டார்கள். இளம் வயதிலேயே வலிப்பு, வாந்தி, தசைத் தளர்ச்சி, பக்கவாதம் போன்ற தாக்குதல் என்று வரும். இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும். தாய் வழியாக வருவது. 1990இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் முக்கியக் காரணத்தைக் கண்டார்கள். இழைமணியின் 3243ஆம் எழுத்து ஏ என்பதிலிருந்து ஜி என மாறியிருந்தது. அந்த இடம் எந்தப் புரதத்துக்கும் உரியதன்று. டி-டி-ஏ, டி-டி-ஜி என்னும் இரண்டு லூசின் சொற்களையும் படிக்கும் கடத்தியின் மரபணு அது.

அக்கடத்தி தன் கையில் உள்ள யூ என்ற எழுத்தின்மேல் டாரின் என்னும் சிறு வேதிப்பொருளைக் கொண்ட ஓர் உறை அணிந்திருக்கும். 2002இல்தான் அந்த உறை இன்னதென்று தெரிந்தது. உறை இருந்தால் யூ என்பது ஏ-யையும் பிடிக்கும், ஜி-யையும் பிடிக்கும். 3243ஆம் எழுத்து மாறியவர்களிடம் இந்தக் கடத்திக்கு உறை ஏறுவதில்லை. உறையில்லாத ஆள் டி-டி-ஏ என்பதைப் படித்துவிடுகிறார். டி-டி-ஜி வந்தால் தடுமாறி நிற்கிறார். இதை 2004இல் தோக்கியோவில் சோதித்து நிறுவினார்கள்.

நேயர்களே, டி-டி-ஜி எங்கே மிகுதி என்று சற்று முன்பு சொன்னோம்? என்.டி.6இல். தேய்மானத்தின் திசையால், எதிர்ப்பக்கம் உட்கார்ந்த ஒரே காரணத்தால், அந்த மரபணுவில் அந்தச் சொல் நிறைந்துவிட்டது. மற்றப் பன்னிரண்டு புரதங்களும் ஒருவாறு நெய்யப்பட, என்.டி.6 மிகவும் குறைந்துபோகிறது. மூச்சுச் சங்கிலியின் முதல் நொதிக் கூட்டத்துக்கு அது இன்றியமையாத பாகம். ஆற்றலை மிகுதியாகக் கேட்கும் மூளையும் தசையும் முதலில் தளர்கின்றன. கடைசி எழுத்து ஏ ஆனால் என்ன, ஜி ஆனால் என்ன என்ற கேள்விக்கு இந்தக் குடும்பங்கள் சொல்லும் பதில் வேறு.

உறைக்கு டாரின் தேவை என்று தெரிந்ததும் மருத்துவர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. டாரினையே மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தால் என்ன? டாரின் அரிய பொருளன்று. கணவாய், சிப்பி முதலியவற்றில் இயற்கையாகவே இருக்கிறது. கடையில் விற்கும் ஊக்கபானங்களிலும் சேர்க்கிறார்கள். அங்கே ஒரு குப்பியில் சுமார் ஒரு கிராம் அளவே, அதைக் குடித்து இந்நோயைத் தடுக்க முடியாது. ஜப்பானில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 9 அல்லது 12 கிராம் கொடுத்தார்கள். சேர்ந்தவர்கள் பத்தே பேர், ஓராண்டுக் காலம். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத மறுகூட்டம் வைக்கவில்லை, ஆகவே இதைப் பெரிய சோதனை என்று சொல்வதற்கில்லை. 2019இல் முடிவு வெளிவந்தது. பத்துப் பேரில் அறுவருக்கு அந்த ஓராண்டில் பக்கவாதம் போன்ற தாக்குதல் ஒன்றுகூட வரவில்லை. அதே ஆண்டு ஜப்பானிய அரசு இந்நோய்க்கு டாரினை மருந்தாக ஏற்றுக்கொண்டது. அவர்களுள் ஐவரின் இரத்த வெள்ளணுக்களை எடுத்துப் பார்த்தபோது, லூசின் கடத்திகளில் டாரின் உறை ஏறியவற்றின் அளவு முன்னைவிடக் கூடியிருந்தது.